மார்பளவுப் பச்சை

மைசூர் மைன்ஸ்,
கோலார் தங்க வயல்.
ஜனவரி 2

அன்புள்ள மமதாவுக்கு,

இங்கே உன் அம்மாவும் நானும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அந்தச் சண்டிகர் குளிரில் மூக்கடைப்பு இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க வேண்டும். கடிதம் எழுதுகிற ஆள் நான் இல்லை என்று உனக்குத் தெரியும், டிப்ளமோ முடித்த பிறகு தமிழில் ஒரு பக்கத்துக்கு மேல் எழுதுவது இதுதான் முதல் தடவை. நீ என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய், அம்மா போனில் பின்னால் என் குரல் கேட்டாலே வைத்துவிடுகிறாய், வேறு என்ன செய்வது, தபாலை பிளாக் செய்ய முடியாது, கிழிக்கத்தான் முடியும். கிழிப்பதானால் கடைசி வரை படித்துவிட்டுக் கிழி, ஏனென்றால் உன்னிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது, அது உன்னைத் தவிர யாருக்கும் தெரியாது. உன் அம்மாவைக் கல்யாணம் செய்து மூன்று வருடம் ஆகிறது, உனக்கும் எனக்கும் பதினாலு வயதுதான் வித்தியாசம், அப்பா என்று கூப்பிடு என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை, நீ எந்த உறவும் சொல்லாமல் வெறும் ‘நீங்க’ என்று பேசுவது எனக்குப் போதுமானதாகத்தான் இருந்தது, இப்போது அதுவும் இல்லை.

முதலில் அந்தப் போட்டோ. உன் குணசுந்தரி அத்தை போன ஞாயிற்றுக்கிழமை வந்தார், ஒரு கையில் உன் அம்மா கொடுத்த டீ, ஒரு கையில் போன். உன் அப்பா திலீப் போய் ஆறு வருடம் ஆகிறது, இந்த ஆறு வருடத்தில் தம்பி வீட்டுச் சுவரில் ஒரு ஆணி அடித்துக் கொடுக்க வராதவர், அன்றைக்குச் சுவரைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். “இன்னாப்பா இது, எந்தம்பி கையால பூசுனது, இப்பிடி அழிச்சி வச்சிக்கீறியே, உனக்கு இன்னா மனசு அது” என்று என்னைக் கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் படம் பிடித்து உனக்கு அனுப்பிவிட்டார். படமும் ஒழுங்காக எடுக்கத் தெரியவில்லை, கால்வாசி அவர் கட்டைவிரல். ஆனால் மீதி முக்கால்வாசியில் இருப்பது உண்மை, அதை நான் மறுக்கவில்லை, பச்சைச் சுவரின் மேல் நான் வெள்ளை அடித்திருந்தேன். அதைப் பார்த்து நீ பொங்கலுக்கு எடுத்த டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு, இனிமேல் அந்த வீட்டுக்கு வரமாட்டேன் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். அம்மா அன்றையிலிருந்து தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்காருகிறாள், பிசைகிறாள், எழுந்துவிடுகிறாள். அத்தை கொடுத்த ரிப்போர்ட்டை நீ வாங்கிக்கொண்டாய், என்னுடையதையும் வாங்கிக்கொள், பிறகு வருவதும் வராததும் உன் இஷ்டம்.

பேக்டரியில் வருடக் கடைசி ஷட்டவுன், பத்து நாள் லீவு. விடிகாலை ரயிலைப் பிடிக்க ஓட வேண்டாம் என்றாலே எனக்குக் கை சும்மா இருக்காது. ஹால் சுவரின் மேல்பாதியில் சுண்ணாம்பு பொரிந்து பொரிந்து விழுகிறது, ஒரு நாள் உன் அம்மாவின் சாம்பாரிலேயே விழுந்தது, அவளுக்குக் காலையில் எழுந்தால் இருபது தும்மல். பெயிண்டர் மனோகரைக் கூப்பிட்டேன். வந்தான், சுவரைத் தொடக்கூட இல்லை, கூரையைப் பார்த்தான், வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளினான், “பழைய சொவுரு சார், சொரண்டவே ஒரு வாரம் ஆவும்” என்றான். மொத்தம் எத்தனை சதுர அடி என்று கேட்டேன். “அதெல்லாம் பாத்தாலே தெரிஞ்சிடும் சார், எத்தினி வீடு அடிச்சிக்கீறோம்” என்றான். பார்த்தாலே தெரிகிறவனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது, போய் வா என்று அனுப்பிவிட்டு டேப்பை எடுத்து அளந்தேன். பதினாலுக்குப் பதினொன்று ஹால், ஒன்பதரை அடி உயரம், கதவு ஜன்னல் போக நானூற்று இருபது சதுர அடி. நோட்டில் எழுதி, எத்தனை லிட்டர், எத்தனை கோட், ஒவ்வொன்றுக்கும் எத்தனை மணி நேரம் காய வேண்டும் என்று எல்லாம் கணக்குப் போட்டேன். நம் ஊரில் ஒரு வேலையை ஆரம்பிக்கும் முன் அளந்து பார்க்கிற ஒரே ஆள் நான்தான் என்று அப்போது எனக்கு ஒரு நினைப்பு.

கீழ்ப்பாதிப் பச்சையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் சுரங்க லைன் வீடுகளில் எல்லாரும் இப்படித்தான் வைத்திருக்கிறார்கள், மேலே சுண்ணாம்பு, கீழே மார்பளவுக்கு ஆயில் பெயிண்ட். ஷிப்ட் முடிந்து சேறும் வியர்வையுமாக வருகிறவன் சுவரில் உரசினால் துடைத்துவிடலாம் என்று ஆரம்பித்தது. சுரங்கம் மூடி இருபது வருடம் தாண்டிவிட்டது, இப்போது சுவரில் உரசுகிறவன் லேப்டாப் பை மாட்டிக்கொண்டு பெங்களூர் போய் வருகிறவன், ஆனாலும் பச்சையை விடமாட்டார்கள், ஏன் என்று கேட்டால் அப்படித்தான் என்பார்கள். எனக்கு அப்படித்தான் என்கிற பதில் பிடிக்காது. கூரையிலிருந்து தரை வரைக்கும் ஒரே வெள்ளை என்று முடிவு செய்தேன். இதில் உன் அப்பாவை அழிக்கிற திட்டம் ஒன்றும் இல்லை, அந்தப் பச்சையை அவர்தான் பூசினார் என்பதே எனக்குத் தெரியாது, சத்தியமாக யாரும் சொல்லவில்லை. அளக்கும்போது உன் அம்மா டேப்பின் அந்த முனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவளும் சொல்லவில்லை.

ஆண்டர்சன்பேட்டையில் ராமலிங்கம் கடைக்குப் போனேன். வெள்ளை வேண்டும் என்றால் ஒரு விசிறி மாதிரி அட்டையை விரித்துப் போட்டு, மார்னிங் பேர்ல், ஐவரி விஸ்பர் என்று நாற்பது வெள்ளை காட்டுகிறார், நாற்பதும் ஒன்றேதான், பெயர் வைத்தவனுக்குத்தான் வித்தியாசம் தெரியும். “எங்க வூட்டுக்கு இதான் சார் அடிச்சோம், எங்க ராஜம் செலக்சன்” என்று ஒன்றைக் காட்டினார். அவர் மனைவி தேர்ந்தெடுத்தது எனக்கு எதற்கு, முதலில் கைபட்டதை எடுத்துக்கொண்டு வந்தேன். இரண்டு நாள் மேல்பாதியைச் சுரண்டினேன். முப்பது பொங்கலுக்கு அடித்த சுண்ணாம்பு, ஒன்றின் மேல் ஒன்றாக, வெள்ளை, நீலம் கூடிப்போன வெள்ளை, மறுபடி வெள்ளை என்று முட்டை ஓடு மாதிரி கழன்று விழுந்தது. தலை, புருவம், மீசை எல்லாம் வெளுத்துப்போய் வாசலில் நின்று தண்ணீர் குடித்தேன், எதிர்வீட்டு முனிரத்தினம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, “இன்னா தம்பி, இப்பத்தான் கேஜ்ல ஏறி வந்தியா, எந்த லெவல்ல வேலை, தங்கம் கிங்கம் ஆப்டுச்சா” என்று சுரங்கத்திலிருந்து மேலே வருகிறவனைக் கேட்கிற மாதிரி கேட்டு, தெருவே கேட்கச் சிரித்தார். அவரும் பென்ஷன்காரர்கள் இன்னும் மூன்று பேரும் காலை முழுக்க அங்கேயே உட்கார்ந்து, பிரஷ்ஷை இப்படிப் பிடி, அப்படி இழு என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள், ஒருவராவது ஏணியைப் பிடிக்க எழுந்து வரவில்லை.

பச்சைமேல் நேரடியாக எமல்ஷன் அடித்தால் நிற்காது, வழவழப்பு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சொரசொரப்பாக்கிவிட்டுத்தான் அடிக்க வேண்டும். அதற்கு இரண்டு நாள் ஆகும். எனக்குப் பொறுமை இல்லை. தேய்க்காமலே பிடிக்கிற ஒரு பிரைமர் இருக்கிறது, சுவர் சுத்தமாகவும் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமலும் இருந்தால் போதும் என்று டப்பாவிலேயே போட்டிருக்கிறது. சோப்புத் தண்ணீர் போட்டு நானே கழுவிக் காயவிட்டேன். பீரோவை இழுத்து ஹால் நடுவில் விட்டு அதன் பின்பக்கச் சுவருக்கு அன்றே பிரைமர் அடித்தேன், மறுநாள் ரோலர் வாங்கக் கடைக்குப் போய்வந்து மற்றச் சுவர்களுக்கும் அடித்தேன். அடுத்த நாள் வெள்ளை, முதல் கோட். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அப்போதுதான் உன் அத்தை வந்து படம் பிடித்தார். அந்தப் பச்சை யாருடையது என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. தெரிந்து என்ன, அடித்தாகிவிட்டது, அம்மா அடுப்பங்கரையில் நின்றாள், நான் ரோலரைக் கழுவப் போய்விட்டேன்.

திங்கட்கிழமை இரண்டாவது கோட்டுக்கு ரோலரை வைத்து இழுத்தேன். முதல் கோட் பிரைமரோடு சேர்ந்து ரோலரில் சுருட்டிக்கொண்டு வந்தது, எண்ணெய் போட்ட கல்லிலிருந்து தோசை வருகிற மாதிரி. உள்ளே பச்சை ஒரு கீறல் இல்லாமல் பளபளவென்று நிற்கிறது. இழுக்க இழுக்க வந்தது, மூன்று சுவரும் அப்படியே. நேராக ராமலிங்கம் கடைக்குப் போய் அந்தத் தோலை கவுண்டரில் போட்டு, கலப்படச் சரக்கை என் தலையில் கட்டினீர்களா என்று நாலு பேர் முன்னால் கத்தினேன். அவர் அதை விரலில் உருட்டிப் பார்த்து, மெதுவாக, “சார், சொவுத்துல எண்ணெய் கிண்ணெய் பட்டுச்சா” என்றார். நான் டிப்ளமோ மெக்கானிக்கல், எனக்கே சொல்லிக்கொடுக்கிறீர்களா என்று இன்னும் கொஞ்சம் கத்திவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து அந்தத் தோலின் பின்பக்கத்தை முகர்ந்து பார்த்தேன். மண்ணெண்ணெய்.

உன் அம்மாவிடம் காட்டினேன். அவள் வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. “நாந்தாங்க தொடச்சேன். நீங்க ரோலர் வாங்கப் போனப்ப” என்றாள். நம் வீடுகளில் பொங்கலுக்கு முன் மேலே சுண்ணாம்பு அடித்தால் கீழே ஆயில் பெயிண்டை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துப் பளபளப்பாக்குவது வழக்கம், உனக்குத் தெரியும், எனக்குத்தான் தோன்றவில்லை, பிரைமர் நெடியில் வாசமும் தெரியவில்லை. “வருசா வருசம் தொடைக்கிறதுதானே, மேல பூசிட்டா அப்பால அது ஏது, கடசியா ஒரு வாட்டி தொடச்சிடலாம்னு இருந்த கிருஷ்ணாயில ஊத்தித் தொடச்சேன். ஒட்டாம பூடும்னு எனக்கு இன்னாங்க தெரியும்” என்றாள். ரேஷனில் மண்ணெண்ணெய் நின்று எத்தனை வருடம் ஆகிறது, இதற்கென்றே ஒரு பாட்டில் மேல் பலகையில் ஒளித்து வைத்திருந்தாளாம். அவர் பூசியது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் தொட்டிருப்பேனா என்று கேட்டேன், சத்தமாகத்தான் கேட்டேன். “எப்பிடிச் சொல்றது, நீங்கதான் டேப்பு புடிச்சி அளந்து நோட்ல எழுதிட்டீங்களே” என்றாள். மனோகர், ராமலிங்கம், முனிரத்தினம், உன் அத்தை என்று இத்தனை பேரை இந்தக் கடிதத்தில் திட்டியிருக்கிறேன், ஒன்றையும் திரும்ப வாங்கப் போவதில்லை, ஆனால் வீட்டில் இருக்கிற ஒருத்தி வாயைத் திறந்து சொல்ல முடியாமல் பாட்டிலைத் திறந்திருக்கிறாள், அவர்கள் எல்லாரையும்விடப் பெரிய முட்டாள் யார் என்பதை நீயே கணக்குப் போட்டுக்கொள்.

மூன்று சுவரிலும் என் வெள்ளையை நானே உரித்தேன், ஈரத்துணியும் பிளாஸ்டிக் ஸ்கேலும் வைத்து, ஒன்றரை நாள். உரிக்கும்போதுதான் அந்தப் பச்சையை ஒழுங்காகப் பார்த்தேன். மூன்று வருடம் அதில் சாய்ந்துகொண்டு டீ குடித்திருக்கிறேன், பார்த்ததில்லை. மேல் விளிம்பு, பச்சை முடிந்து சுண்ணாம்பு ஆரம்பிக்கிற கோடு, அதற்கு டேப் ஒட்டி அடித்த அடையாளம் இல்லை, வெறும் கையால் பிரஷ்ஷில் இழுத்தது. எங்கேயாவது வளைந்திருக்கும் என்று டியூபில் தண்ணீர் ஊற்றி மட்டம் பார்த்தேன். பதினாலு அடிக்கு இரண்டு மில்லிமீட்டர். மறுபடி பார்த்தேன், அதே இரண்டு. எங்கள் பேக்டரியில் மெஷின் வைத்துக்கொண்டு வேலை செய்கிறவர்கள் விடுகிற பிழை இதைவிட அதிகம். மூலையில் பெயிண்ட் வழியவில்லை, ஒரு இழுப்பும் அடுத்த இழுப்பும் சேருகிற இடம் தெரியவில்லை, ஸ்விட்ச் போர்டின் பின்பக்கம்கூட விடாமல் பூசியிருக்கிறது, அங்கே யார் பார்க்கப் போகிறார்கள். குறை கண்டுபிடிக்க மூன்று நாள் தேடினேன், கிடைக்கவில்லை. உன் அப்பாவை நான் பார்த்ததில்லை, படத்தில் பார்த்ததோடு சரி. அவருக்குப் பொறுமை இருந்தது, எனக்கு இல்லை.

இப்போது மேலே புது வெள்ளை, கீழே அவர் பச்சை, அவருடைய கோட்டை ஒட்டியே என் வெள்ளையை நிறுத்தியிருக்கிறேன், டேப் ஒட்டாமல் கையால்தான், இரண்டு இடத்தில் என் கை ஆடியிருக்கிறது, வந்தால் தெரியும். ஆனால் நாலாவது சுவர் அப்படி இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன், உன் அத்தை சொல்லி நீ தெரிந்துகொள்ள வேண்டாம். பீரோ பின்பக்கச் சுவருக்கு, கதவு போக ஆறடி அகலம், நான் முதல் நாளே பிரைமர் அடித்துவிட்டேன் இல்லையா, அதனால் அம்மாவின் மண்ணெண்ணெய் அங்கே படவில்லை. அங்கே என் பெயிண்ட் இரும்பு மாதிரி பிடித்துவிட்டது. டப்பாவில் போட்டிருந்தது சரி, என் முறையும் சரி, அதற்குச் சாட்சி அந்த ஆறடிதான். நகத்தால் கீறினாலும் வரவில்லை, சுரண்டினால் பச்சையும் சேர்ந்து போகும். அந்த ஆறடி போனது போனதுதான், அதை அழித்தது நான், இதில் உன் அத்தை சொன்னது சரி. பீரோவைத் திரும்பத் தள்ளிவிட்டால் மறைந்துவிடும், யாருக்கும் தெரியாது என்று அம்மா சொல்கிறாள். மறைப்பதில்லை என்று சொல்லிவிட்டேன்.

அதனால் அந்த ஆறடிக்கு அதே பச்சையைப் பூச வேண்டும். ராமலிங்கத்திடம் போனேன், திரும்ப அந்தக் கடைப் படி ஏறுவது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள். அவர் ஒன்றும் சொல்லிக்காட்டாமல் அட்டையை விரித்தார், அதில் இருக்கிற எந்தப் பச்சையும் அது இல்லை. நானே மூன்று தடவை கலந்து பார்த்தேன். ஒன்று ஆஸ்பத்திரி மாதிரி வந்தது, ஒன்று தவளை மாதிரி, மூன்றாவதைப் பற்றிச் சொல்லாமல் இருப்பது நல்லது. அம்மாதான் சொன்னாள், உன் அப்பா கடைப் பச்சையை அப்படியே அடிக்கவில்லையாம், அதில் கறுப்பும் மஞ்சளும் மூடியால் அளந்து ஊற்றிக் கலந்தாராம், நீ அப்போது ஒன்றாம் வகுப்பு, பக்கத்தில் உட்கார்ந்து குச்சியால் கலக்கிக்கொண்டு ஒவ்வொரு மூடிக்கும் தெருவுக்கே கேட்கிற மாதிரி எண்ணினாயாம். எத்தனை வரை எண்ணினாள் என்று கேட்டால், “எனக்கு இன்னா தெரியும், நான் உள்ள சோறு வடிச்சிக்கினு இருந்தேன், அவளத்தான் கேக்கணும்” என்கிறாள். அதுதான் உன்னிடம் கேட்க வேண்டும் என்று முதலில் எழுதியது. கறுப்பு எத்தனை மூடி, மஞ்சள் எத்தனை மூடி. வர இஷ்டமில்லை என்றால் ஒரு கார்டில் இரண்டு எண்களை மட்டும் எழுதி அனுப்பு, கோபித்துக்கொள்ள மாட்டேன், என்னால் முடிந்தவரை கலந்துகொள்கிறேன். ஆனால் மூடி என்றால் எந்த மூடி, டர்பன்டைன் பாட்டில் மூடியா, பெயிண்ட் டப்பா மூடியா, அதைக் கார்டில் எழுதினால் எனக்கு விளங்காது. வீட்டில் கிடைத்த பழைய மூடிகள் மூன்றைக் கழுவி ஜன்னலில் வைத்திருக்கிறேன்.

மற்றபடி அங்கே பக்கெட்டில் ஹீட்டர் கம்பி போட்டுத் தண்ணீர் காய்ச்சுகிறாய் என்று அம்மா சொன்னாள், ஸ்விட்சை நிறுத்தாமல் தண்ணீரில் கை வைக்காதே, இதை உனக்கு முன்பே சொல்லியிருக்கிறேன், நீ கேட்கவில்லை. லேபில் கையுறை இல்லாமல் எதையும் தொடாதே. பொங்கலுக்கு இனி டிக்கெட் கிடைக்காது, தட்கலில் பார்க்கச் சொன்னால் காலையில் நானே உட்கார்ந்து எடுத்துத் தருகிறேன், பிளாக்கை எடுக்க வேண்டாம், அம்மா போனிலேயே அனுப்புகிறேன். ஆசீர்வாதம் செய்கிற வயது எனக்கு இல்லை, அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, என் பொண்ணு நல்லா இருக்கணும், ஒரு குறையும் வரக்கூடாதுன்னு எழுதுங்க என்கிறாள், எழுதிவிட்டேன், அதில் என்னுடையதையும் சேர்த்துக்கொள். கீழே அப்பா என்று போடுங்கள் என்றும் சொல்கிறாள், நான் போடவில்லை.

இப்படிக்கு,
ரவிகுமார்

ஒன்றை விட்டுவிட்டேன். பீரோ இன்னும் ஹால் நடுவில்தான் நிற்கிறது, அந்த ஆறடி முடிகிற வரை அதை நகர்த்துவதாக இல்லை. நீ வருகிற ரயில் எப்படியும் இருட்டோடு வரும், செருப்பை விட்டுவிட்டு அவசரமாக உள்ளே நுழைந்து அதில் முட்டிக்கொள்ளாதே.